எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது: கறுப்பாகத் தெரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை

புற்றுநோய் என்று உறுதியானதும் பலருக்கு எலும்பு ஸ்கேன் எழுதிக் கொடுப்பார்கள். ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் முதலில் கைக்கு வந்துவிடும், அதை விளக்கிச் சொல்ல வேண்டிய டாக்டரைப் பார்க்க இன்னும் சில நாள் இருக்கும். குடும்பங்கள் நொறுங்கிப் போவது இந்த இடைவெளியில்தான். "வலது ஆறாவது விலாவில் அப்டேக் அதிகம்" என்று ஒரே ஒரு வரி இருக்கும் (அப்டேக் என்றால் ஊசி மருந்து அங்கே சேர்ந்திருப்பது), உடனே எலும்புக்குப் பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீடே முடிவு கட்டிவிடும். அந்த வரி எப்போதோ வழுக்கி விழுந்ததைப் பற்றியதாக இருக்கலாம். உண்மையிலேயே பரவலைப் பற்றியதாகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை, ஆனால் அவர் எதையெல்லாம் பார்த்து முடிவு செய்கிறார் என்று தெரிந்துகொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் வேறு, இது வேறு. டெக்ஸாவில் ஊசி கிடையாது, ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும், எலும்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. இங்கே பேசப்போவது கையில் ஊசி போட்டு, காத்திருக்க வைத்து, தலை முதல் கால் வரை எடுக்கும் ஸ்கேன். மார்பகம், புரோஸ்டேட் மாதிரியான புற்றுநோய்களுக்கு ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இரண்டுமே எடுப்பார்கள் என்பதால் ரிப்போர்ட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், எதைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசி என்ன செய்கிறது

ஊசியில் இருப்பது டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள், அதோடு எம்டிபி மாதிரி ஒரு பாஸ்பேட் வகை மருந்து சேர்ந்திருக்கும். எலும்பில் எங்கெல்லாம் புதிதாகத் தாது படிந்துகொண்டிருக்கிறதோ, எங்கெல்லாம் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதோ அங்கே இது அதிகமாகப் போய் ஒட்டும். ஒட்டாமல் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். அதனால்தான் ஊசி போட்டு 2 முதல் 4 மணி நேரம் கழித்துப் படம் எடுக்கிறார்கள், நடுவில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கடி சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். டெக்னீஷியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மொத்தக் கதிர்வீச்சு சுமார் 3 முதல் 6 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்தே நம் எல்லோருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. பயப்படும் அளவு இல்லை. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ மட்டும் ஊசிக்கு முன்பே கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

சரி, இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான். இந்த மருந்து புற்றுநோய் செல்லைத் தேடிப் போவதில்லை. எலும்பு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் வேலை எங்கே மும்முரமாக நடக்கிறதோ அதைத்தான் காட்டுகிறது. தெருவில் ஓர் இடத்தில் பள்ளம் தோண்டி வேலை நடக்கிறது என்று மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும், குடிநீர்க் குழாய்க்கா, கேபிளுக்கா என்று கிட்டப் போனால்தான் தெரியும். எலும்பில் புற்றுநோய் உட்கார்ந்தால் சுற்றியுள்ள எலும்பு அதை எதிர்த்துப் புதிதாகக் கட்டப் பார்க்கும், அதனால் அங்கே மருந்து சேரும். எலும்பு முறிந்தாலும், மூட்டு தேய்ந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும், பல் சொத்தையாகித் தாடையில் சீழ் கட்டினாலும் அதே மாதிரிதான் சேரும். மிகச் சின்ன மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடும், ஆனால் காரணம் சொல்லாது. ரிப்போர்ட்டில் வரும் ஒவ்வொரு வார்த்தையையும் இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

படத்தைக் கையில் எடுத்தால்

பெரும்பாலும் வெள்ளைப் பின்னணியில் இரண்டு எலும்புக்கூடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று முன்பக்கத்திலிருந்து எடுத்தது, இன்னொன்று முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தது. முன்பக்கப் படத்தில் நோயாளியின் வலது பக்கம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும், முதுகுப் படத்தில் அப்படியே மாறிவிடும், ஆகவே ஓரத்தில் போட்டிருக்கும் ஆர், எல் எழுத்துகளைப் பார்க்காமல் எந்தப் பக்கம் என்று சொல்லாதீர்கள். எங்கே மருந்து அதிகம் சேர்ந்ததோ அங்கே அடர் கறுப்பு. இதைத்தான் ஹாட் ஸ்பாட் என்கிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது அடி வயிற்றில் இருக்கும் பெரிய கறுப்பு உருண்டை. அதைப் பார்த்துத்தான் பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. அது சிறுநீர்ப்பை, வேறொன்றும் இல்லை. முதுகுப் படத்தில் கடைசி விலாக்களை ஒட்டி இரண்டு பக்கமும் மங்கலாகத் தெரிவது சிறுநீரகங்கள். கை மடிப்பிலோ மணிக்கட்டிலோ ஒரு புள்ளி இருந்தால் ஊசி போட்ட இடத்தில் மருந்து கொஞ்சம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். தொடையிலோ இடுப்புக்குக் கீழோ வித்தியாசமாக ஒரு துளி தெரிந்தால் சிறுநீர் துணியில் பட்டதாக இருக்கலாம், துடைத்துவிட்டு, துணி மாற்றிவிட்டு மறுபடி எடுத்தால் மறைந்துவிடும். நெஞ்செலும்பு, தோள் மூட்டு, இடுப்பின் பின்பக்க மூட்டுகள் எல்லோருக்குமே கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும், குழந்தைகளுக்கு எலும்பு வளரும் முனைகள் நன்றாகக் கறுத்துத் தெரியும். இவையெல்லாம் இயல்பு. மார்பகத்தை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்து விலாக்கள் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், மேலே மறைக்க ஒன்றும் இல்லாததால் கதிர் நேராக வருகிறது, அவ்வளவுதான்.

மாறாக, ஓர் இடம் மட்டும் வெளிறிப் போயிருந்தாலும் அதற்கும் எளிய காரணம் இருக்கலாம்: செயற்கை மூட்டு, கழற்ற மறந்த டாலர், பையில் இருந்த நாணயம், முன்பு ரேடியேஷன் கொடுத்த பகுதி.

டாக்டர் எதைப் பார்த்துப் பிரிக்கிறார்

எத்தனை இடம், எந்த இடம், எந்த வடிவம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, முன்பு எடுத்த ஸ்கேனில் இருந்ததா. இந்த ஐந்தும் சேர்ந்துதான் முடிவு, தனியாக எதுவும் இல்லை.

இரண்டு முழங்கால், இரண்டு தோள், கட்டை விரலின் அடி மூட்டு, பாதத்தின் நடுப்பகுதி, இங்கெல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி கறுத்திருந்தால் அது தேய்மானம். ரிப்போர்ட்டில் டிஜெனரேட்டிவ் சேஞ்சஸ் அல்லது ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருப்பார்கள். நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர் யாரைப் பிடித்து ஸ்கேன் எடுத்தாலும் இப்படி ஓரிரண்டு இடம் தெரியும். அந்த வார்த்தையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

பரவல் பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதி எலும்புகளில்தான் வரும், அதாவது முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டை, அப்புறம் தொடை எலும்பின் மேல் பகுதி, கை எலும்பின் மேல் பகுதி. பெரியவர்களுக்குச் சிவப்பு மஜ்ஜை இருக்கும் இடங்கள் இவைதான். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே வருவது அரிது. ஒழுங்கே இல்லாமல், சின்னதும் பெரிதுமாக, ஒரு பக்கம் அதிகம் ஒரு பக்கம் குறைவு என்று பல புள்ளிகள் இந்த நடுப்பகுதியில் சிதறிக் கிடந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வலுவாகும்.

விலா எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேரைப் பயமுறுத்துவது அதுதான். அடுத்தடுத்த விலாக்களில் ஒன்றின் கீழ் ஒன்றாக, நேர்கோடு பிடித்த மாதிரி புள்ளிகள் இருந்தால் அது அடிபட்ட முறிவு. விழுந்தபோது ஒரே அடியில் பல விலாக்களில் விரிசல் விழுந்திருக்கும். கடுமையாக இருமினால்கூட விலாவில் விரிசல் வரும். ஆனால் ஒரே விலாவின் நீளத்தோடு ஒரு கோடாக அப்டேக் ஓடினால் அதைக் கவனமாகப் பார்ப்பார்கள், பரவல் விலாவின் உள்ளே நீளவாக்கில் படரும் பழக்கம் உள்ளது. ஒற்றைப் புள்ளி, அதுவும் ஒரே ஒரு விலாவில், வேறெங்கும் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் அது பரவலாக இருப்பதில்லை, புற்றுநோய் உள்ளவர்களிடம்கூட. உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது உண்மை, ஆனால் அதுவரை அதை நிச்சயமான கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளக் காரணம் இல்லை. இன்னொன்று, முறிந்த எலும்பு ஸ்கேனில் மாதக்கணக்கில் தெரியும், பலருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகூட. போன வருடம் குளியலறையில் விழுந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள், எலும்பு மறந்திருக்காது. அதனால் ஸ்கேனுக்கு முன்னால் கொடுக்கும் படிவத்தில் பழைய விழல், விபத்து, அறுவை சிகிச்சை, பல் பிடுங்கியது, மூட்டு மாற்றியது, தொடர்ந்து வலிக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். படத்தைப் படிப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

முதுகெலும்பில், ஒரு முள்ளெலும்பின் குறுக்கே பட்டையாகக் கோடு போட்ட மாதிரி தெரிந்தால் அது அமுங்கிப்போன முறிவாக இருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு இது சாதாரணமாக வரும், மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும், புரோஸ்டேட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் எலும்பு மெலிவதால் இன்னும் சுலபமாக வரும். முள்ளெலும்பின் பின்பக்கச் சின்ன மூட்டில் இருந்தால் தேய்மானம். முன்பகுதியிலிருந்து பின்பகுதிக்குப் போகும் தண்டுப் பகுதியில், பெடிக்கிள் என்பார்கள், அங்கே இருந்தால் பரவல் சந்தேகம் கூடும். திரிகத்தில், அதாவது இடுப்புக்குப் பின்னால் இருக்கும் சாக்ரம் எலும்பில், ஆங்கில எச் எழுத்து மாதிரி வடிவம் தெரிந்தால் அது எலும்பு வலுவிழந்ததால் வரும் விரிசல். இடுப்புப் பகுதிக்கு ரேடியேஷன் எடுத்தவர்களிடம் இதைப் பார்க்கலாம், பரவல் என்று தவறாக நினைக்கப்படும் ஒன்று இது.

கடைசிப் பத்தியை எப்படிப் படிப்பது

ரிப்போர்ட்டின் அடியில் இம்ப்ரெஷன் என்று இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். மேலே உள்ள விவரிப்பில் பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் எழுதுவார்கள், அதில் பாதிக்கு முக்கியத்துவம் இருக்காது. "எலும்புப் பரவலுக்கான ஆதாரம் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். "சந்தேகத்துக்குரியது", சஸ்பீஷியஸ் என்று இருந்தால் அது முடிவு இல்லை, அடுத்த பரிசோதனை தேவை என்று பொருள். இன்டிடர்மினேட், ஈக்விவோக்கல் என்று இருந்தால் இரண்டில் எது என்று இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறார்கள். கோரிலேட் என்ற வார்த்தை கண்ணில் பட்டால் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று உங்கள் புற்றுநோய் டாக்டருக்கு எழுதிய குறிப்பு அது. இதைத் தவறவிட்டுவிடாதீர்கள். "இந்த ஒப்பீடு செய்தாகிவிட்டதா டாக்டர்?" என்று நேராகக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்து என்ன எடுப்பார்கள் என்பது இடத்தைப் பொறுத்தது. ஸ்பெக்ட்-சிடி வசதி இருந்தால் அதே நாளில், அதே ஊசியில், சந்தேகமான பகுதியை மட்டும் முப்பரிமாணமாகச் சிடியோடு சேர்த்து எடுத்துவிடலாம், பல கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். எம்ஆர்ஐ எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே பார்க்கும், முதுகெலும்புக்கு அதுதான் சிறந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பழைய முறிவோ தேய்மானமோ தெளிவாகத் தெரிந்தால் நல்லது, காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்துவிட முடியாது. எலும்பின் தாது 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், எலும்பு ஸ்கேன் அதற்கு வெகு முன்பே காட்டிவிடும். எல்லாம் பார்த்தும் தெளிவு வரவில்லை என்றால், அந்தப் பதிலால் சிகிச்சையே மாறும் என்றால், பயாப்ஸி. பெரிதாகப் பயப்படுவார்கள், ஆனால் முதல்முறையாகப் பரவல் என்று சந்தேகிக்கும்போது திசுவை எடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். மார்பகப் புற்றுநோயில் பரவிய இடத்தின் ஹார்மோன் ரிசெப்டர், முதல் கட்டியிலிருந்து மாறியிருப்பதும் உண்டு, மருந்தே மாறலாம்.

ஸ்கேன் காட்டாமல் விடுவது

இதையும் தெரிந்துகொள்ள வேண்டும், எதிர்ப்பக்கத்திலும் ஏமாறக் கூடாது. எலும்பை அரித்துக்கொண்டே போய், திருப்பிக் கட்டும் வேலையைத் தூண்டாத வகைகள் உண்டு. எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் இதற்கு முதல் உதாரணம், அதனால் அந்த நோய்க்கு எலும்பு ஸ்கேனை நம்புவதில்லை, குறைந்த கதிர்வீச்சு சிடி, எம்ஆர்ஐ, பெட்-சிடி என்று போவார்கள். சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு புற்றுநோய் பரவல்களும் சில நேரம் மங்கலாகவோ வெற்றிடமாகவோதான் தெரியும். ஸ்கேன் சுத்தம், ஆனால் ஓர் இடத்தில் வலி விடாமல் இருக்கிறது, ராத்திரியில் அதிகம், படுத்தால் இன்னும் மோசம் என்றால் "ஸ்கேனில் ஒன்றுமில்லையே" என்று பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மிக அரிதாக, படம் அழகாக, கறுப்பாக, எல்லா எலும்பும் ஒரே சீராகத் தெரியும், ஆனால் சிறுநீரகங்களைக் காணவே காணோம். சூப்பர்ஸ்கேன் என்பார்கள். மருந்து முழுவதையும் எலும்பே இழுத்துக்கொண்டது என்று பொருள், புரோஸ்டேட் புற்றுநோய் பரவலாகப் பரவியிருக்கும்போது இப்படி வரும், பாராதைராய்டு கோளாறிலும் வரலாம். படிப்பவர் கண்ணுக்கு இது தப்பாது.

ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய், குறைந்த ஆபத்து புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு வலி முதலிய எந்த அறிகுறியும் இல்லையென்றால் பொதுவாக எலும்பு ஸ்கேனே எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்தார்கள், எங்களுக்கு ஏன் எடுக்கவில்லை என்று பதற வேண்டாம். தேவையில்லாமல் எடுத்தால் தேய்மானப் புள்ளி ஒன்று கிடைக்கும், அதைத் துரத்திக்கொண்டு இன்னும் இரண்டு ஸ்கேன் எடுக்க வேண்டி வரும், அதற்குள் சிகிச்சை தள்ளிப் போகும்.

பரவல்தான் என்று உறுதியானால்

வருத்தமான செய்திதான், இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். நோயின் நிலை நான்கு ஆகிவிடும், முழுவதுமாகக் குணப்படுத்துவது என்பதிலிருந்து நீண்ட நாள் கட்டுக்குள் வைப்பது என்று குறிக்கோள் பெரும்பாலும் மாறும். ஆனால் எலும்பில் மட்டும் பரவிய மார்பக, புரோஸ்டேட் புற்றுநோயோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எலும்புக்குப் போனாலும் அது அதே மார்பகப் புற்றுநோய்தான், அதற்கான மருந்துகளே வேலை செய்யும், புதிதாக எலும்புப் புற்றுநோய் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வலிக்கும் இடத்துக்கு ஒரே ஒரு தடவை 8 கிரே ரேடியேஷன் கொடுத்தாலே பலருக்கு வலி நன்றாக இறங்கிவிடும். எலும்பை உறுதிப்படுத்த சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகள் உண்டு, அவற்றைத் தொடங்கும் முன்பு பல் டாக்டரைப் பார்த்துப் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுங்கள், ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

புள்ளிகளின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டு ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். முக்கியமான கேள்வி எண்ணிக்கையைவிட இடம்: உடம்பின் பாரம் தாங்கும் எலும்பில் இருக்கிறதா, தொடை எலும்பு முறியும் நிலையில் இருக்கிறதா, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா. இதை டாக்டரிடம் கேளுங்கள், எந்த அளவுக்கு நடக்கலாம், எடை தூக்கலாமா என்பதையும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு எடுக்கும் முதல் ஸ்கேன் இன்னொரு பொறி. மருந்து நன்றாக வேலை செய்து எலும்பு ஆறத் தொடங்கும்போது கட்டும் வேலை அதிகமாகும், ஆகவே பழைய புள்ளிகள் இன்னும் கறுப்பாகும், முன்பு தெரியாத புள்ளிகள்கூடப் புதிதாகத் தெரியும். ஃப்ளேர் என்று பெயர், முதல் சில மாதங்களில் வரும். ரிப்போர்ட்டில் "அதிகரித்துள்ளது" என்று பார்த்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று மனம் உடைந்து போவார்கள், உண்மையில் நல்ல அறிகுறியாகவே இருக்கலாம். புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வுகளுக்காக 2016-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல்கூட, சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஸ்கேனில் புதுப் புள்ளிகள் வந்தால் உடனே நோய் முற்றிவிட்டது என்று அறிவிக்கச் சொல்லவில்லை, அடுத்த ஸ்கேனில் மேலும் குறைந்தது இரண்டு புதுப் புள்ளிகள் வந்தால்தான் என்கிறது. வலி குறைந்திருக்கிறதா, பிஎஸ்ஏ (புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) போன்ற ரத்த அளவுகள் இறங்கியிருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த ரிப்போர்ட்டுக்கும் எந்த அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. முதுகில் திடீரென்று வரும் கடுமையான வலி, இடுப்பையோ மார்பையோ பட்டை போட்டு இறுக்குவது போன்ற வலி, கால் பலவீனம், நடை தள்ளாடுவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது அல்லது வராமலே போவது. தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருளாக இருக்கலாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய் "புற்றுநோய் இருக்கிறது, இந்த அறிகுறி வந்துள்ளது" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். கால் முழுவதும் விழுந்த பிறகு போனால் திரும்ப நடப்பது கஷ்டம். அதே மாதிரி, தாங்க முடியாத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பமான பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், அதுவும் உடனே பார்க்க வேண்டியது.

ரிப்போர்ட் தாளோடு திருப்தி அடையாமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், பழைய ஸ்கேன்கள் எந்த ஊரில் எடுத்ததாக இருந்தாலும் தேடி எடுத்து, அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பதிவு செய்யும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் ஒரே சென்டரில் எடுங்கள். இன்று இன்டிடர்மினேட் என்று எழுதிய புள்ளிக்கு, இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தில் அது அப்படியே அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால், வேறு பரிசோதனை தேவைப்படாமலே போகலாம்.